ஓடுகிறதா, நிற்கிறதா: 64 கோர் சிமுலேட்டரில் லினக்ஸை எழுப்பிய அனுபவம்

ஒரு முழு மெஷினையே மென்பொருளில் நடித்துக் காட்டும் ஜெம்5 என்ற சிமுலேட்டரில், 64 கோர் (புராசசருக்குள் தனித்தனியாகக் கட்டளை ஓட்டும் பகுதி) வைத்து லினக்ஸை எழுப்பும் ரன்னை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டுவிட்டு விடுதிக்குப் போனேன். திங்கள் காலை லேபுக்கு வந்து டெர்மினலைத் திறந்தால், கடைசி வரி வெள்ளி இரவு எங்கே நின்றதோ அங்கேயே இருந்தது. சிபியு8 பற்றி ஓர் எச்சரிக்கை, அதன் கீழே சில வரி ரெஜிஸ்டர் எண்கள், அவ்வளவுதான். 64 கோரும் வரிசையாக எழுந்து வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எட்டு எழுந்தன. ஒன்பதாவதில் மௌனம் (எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் சிபியு8-தான் ஒன்பதாவது).

பக்கத்து மேசை சீனியர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓடுதா, நிக்குதா?"

"ஓடிட்டுதான்க்கா இருக்கு. டாப்ல நூறு சதவீதம் காட்டுது."

"அது ஜெம்5 ஓடுது. உள்ள இருக்கிற லினக்ஸ் ஓடுதா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை நாள் ஓடிய ஒரு புரோகிராம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது அதில் சில வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சி லாக் பற்றியது, அதாவது ஒரு டேட்டாவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி புரோகிராமுக்குள் போடும் பூட்டு. நிறைய கோர்கள் ஒரே லாக்குக்கு அடித்துக்கொள்ளும்போது கேஷ்களுக்கு (ஒவ்வொரு கோரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான மெமரி) இடையே என்ன போக்குவரத்து நடக்கிறது, அந்தக் கேஷ் விதிகளைக் கொஞ்சம் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய புராசசரில் கேஷ் விதியை மாற்ற முடியாது. அதனால் சிமுலேட்டர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் இரண்டும் சேர்ந்து 2011-இல் வெளிவந்ததுதான் ஜெம்5. சிபியு எம்5-இலிருந்து வந்தது, கேஷ்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தையை நுணுக்கமாகக் காட்டும் ரூபி என்ற பகுதி ஜெம்ஸிலிருந்து வந்தது.

ஜெம்5-இல் இரண்டு வழி உண்டு. ஒன்றில் உங்கள் புரோகிராமை மட்டும் ஓட்டலாம். அது லினக்ஸிடம் ஏதாவது கேட்டால் (சிஸ்டம் கால்) சிமுலேட்டரே பதில் சொல்லிவிடும். இன்னொன்றில் முழு மெஷினும் உண்டு. டிஸ்க், டைமர், இண்டரப்ட் கன்ட்ரோலர் (கோர்களைக் கூப்பிடும் சிக்னல்களைப் பங்கிடுவது) எல்லாவற்றையும் வைத்து, அதன் மேல் லினக்ஸின் மையப்பகுதியான உண்மையான கர்னலை ஏற்ற வேண்டும். லாக் பற்றி ஆராய்கிறவருக்கு இரண்டாவதை விட்டால் வேறு வழியில்லை. எந்த த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) எந்தக் கோரில் போகிறது, எப்போது தூங்கப்போகிறது என்பதையெல்லாம் கர்னல்தான் முடிவுசெய்கிறது. அதை விட்டுவிட்டு லாக்கை அளப்பது, தண்ணீர் விடாமல் வாய்க்காலை அளப்பது மாதிரி.

இங்கே காலக்கணக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஜெம்5-க்குள் நேரம் டிக்கில் ஓடுகிறது. ஒரு டிக் என்பது ஒரு பிகோ நொடி. நூறு கோடியை ஆயிரத்தால் பெருக்கினால் வரும் அத்தனை டிக் சேர்ந்தால்தான் கெஸ்ட்டுக்கு, அதாவது உள்ளே நடிக்கப்படும் மெஷினுக்கு, ஒரு நொடி. எங்கள் சர்வரில் எளிய அட்டாமிக் சிபியு நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை ஓட்டும். பைப்லைன் முழுக்க நுணுக்கமாகக் காட்டும் ஓ3 சிபியு, ரூபியோடு சேர்ந்தால், ஒரு லட்சம் ஓட்டினால் நல்ல நாள். சிமுலேட்டர் ஒரே த்ரெட்டில் ஓடுவதால் இந்த ஒரு லட்சத்தை 64 கோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 64 கோர், சுற்றுக்கு ஒரு கட்டளை என்று வைத்தால், கெஸ்ட்டின் ஒரு நொடிக்கு 12,800 கோடி கட்டளை. அதை ஒரு லட்சத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 15 நாள்.

உள்ளே ஒரு நொடி, வெளியே 15 நாள். இதன் முழு அர்த்தமும் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. லினக்ஸுக்குள் ஏதாவது மாட்டிக்கொண்டால் சத்தம் போடக் காவல் நாய்கள் உண்டு. ஆர்சியு ஸ்டால் என்ற எச்சரிக்கை வழக்கமாக 21 நொடி பார்த்துவிட்டுக் குரைக்கும். ஆனால் அந்த 21 நொடி கெஸ்ட்டின் நொடி. நுணுக்கமான சிபியுவில் எல்லாக் கோரும் வேலையாக இருக்கும்போது ஒன்று மாட்டிக்கொண்டால், அந்த எச்சரிக்கையைப் பார்க்க நான் பத்து மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காவல் எதுவும் நமக்கு உதவாது, வெளியே உட்கார்ந்திருக்கிறவர்தான் காவல். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நான் கன்ஃபிக் ஃபைலை விட்டுவிட்டு, பார்க்கும் கருவிகளைத்தான் முதலில் கற்றிருப்பேன்.

சரி, அந்த எட்டாவது எண் கோருக்கு வருவோம். அக்கா சொன்ன முதல் யோசனை, இதே கர்னலையும் இதே டிஸ்க் இமேஜையும் கியூஎமுவில் ஓட்டிப் பார் என்பது. கியூஎமுவும் ஒரு மெஷினை நடித்துக் காட்டும் புரோகிராம்தான், ஆனால் நேரத்தை அளக்காது, கேஷைக் காட்டாது. அதனால் பல நூறு மடங்கு வேகம். ஒரு இரவு ஆகிற பூட் (லினக்ஸ் எழுந்து வருவது), டீ வாங்கி வருவதற்குள் முடிந்துவிடும். 64 கோர் கேட்டு ஓட்டினேன். கர்னலை ஏற்றுவதற்கு முன்னாலேயே மறுத்துவிட்டது: 64 கேட்கிறாய், இந்த மெஷின் தாங்குவது 8.

ஜெம்5 இரண்டரை நாள் எடுத்தும் சொல்லாததை கியூஎமு அரை நொடியில் சொன்னது. காரணம், நான் எடுத்துக்கொண்ட ஆர்ம் வகைப் புராசசரின் இண்டரப்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக ஜிஐசி. ஜிஐசியின் இரண்டாம் பதிப்பில் ஒரு இண்டரப்ட் எந்தக் கோருக்குப் போக வேண்டும் என்று எழுதும் இடம் எட்டு பிட் அகலம், கோருக்கு ஒரு பிட். ஒன்பதாவது கோருக்கு எழுத இடமே கிடையாது. நான் எடுத்துக்கொண்டிருந்த ஜெம்5 பிளாட்பார்ம் அந்தப் பதிப்பை வைத்திருந்தது. ஒன்பதாவது கோர் எழுந்ததும் கர்னல் எச்சரித்தது. ஆனால் அந்தக் கோருக்கு டைமரும் கிடையாது, மற்ற கோர்கள் கூப்பிட்டால் கேட்கவும் செய்யாது. பதில் வராத அழைப்புக்காகக் கர்னல் காத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் பதிப்பு ஜிஐசியில் பிட் கிடையாது. கோருக்கு முகவரி உண்டு. ஜெம்5-இல் அந்தப் பதிப்பை வைத்திருக்கும் வி2 பிளாட்பார்முக்கு மாறினேன்.

அன்றிலிருந்து எதையும் முதலில் கியூஎமுவில் எழுப்பாமல் ஜெம்5-க்குக் கொண்டுபோவதில்லை. கர்னல் கன்ஃபிக்கில் எத்தனை கோருக்கு இடம் விட்டிருக்கிறது, கன்சோல் பெயர் சரியா, டிஸ்க் பார்ட்டிஷன் சரியா, என் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் எழுத்துப்பிழை இருக்கிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எம்5 என்ற சின்னக் கருவியைக் கூப்பிடும் வரியில் மட்டும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிற்கும். அது சிமுலேட்டருக்கு மட்டுமே புரியும் கட்டளை, உண்மையான சிபியுவுக்குக் கிடையாது. ஸ்கிரிப்ட் அந்த வரி வரைக்கும் வந்து அங்கே நின்றால், அதுவரை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஜெம்5 வழக்கமாக டிஸ்க் இமேஜில் எதையும் எழுதாது. கெஸ்ட் எழுதுவதெல்லாம் மேலே ஒரு தற்காலிக அடுக்கில் போய், ரன் முடிந்ததும் காணாமல் போகும். உள்ளே போய் ஒரு பேக்கேஜை நிறுவிவிட்டு மறுநாள் தேடினால் இருக்காது. நிறுவ வேண்டியதை ஹோஸ்ட்டில், அதாவது ஜெம்5 ஓடும் நிஜ சர்வரில், இமேஜை மவுண்ட் செய்து வெளியிலிருந்தே நிறுவிவிட வேண்டும்.

வி2-வில் ஓட்டியபோது நடந்ததை மறக்க மாட்டேன். சிபியு0 முதல் சிபியு7 வரை எழுந்தன. சிபியு8, 'ஃபெயில்ட் டு கம் ஆன்லைன்'. மறுபடியும் எட்டு! ஜிஐசியை மாற்றியது சரியாகப் பதியவில்லை என்று முடிவுகட்டி இரண்டு நாள் பிளாட்பார்ம் ஃபைலையே கிண்டிக்கொண்டிருந்தேன். அதே எண் வந்ததால் அதே நோய் என்று நினைத்தது தப்பு. இந்தத் தடவை அறிகுறி வேறாக இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

லினக்ஸ் எழும்போது எழுதும் பதிவில் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் ஒரு நேரம் இருக்கும். கெஸ்ட் எழுந்து எத்தனை நொடி ஆனது என்ற கணக்கு. முதல் எட்டு கோர் எழும்போது அந்த எண் தசமத்துக்குப் பிறகு நான்காவது, ஐந்தாவது இடத்தில்தான் நகர்ந்தது. சிபியு8-க்கு அது ஒரு முழு நொடி தாவியது. சிபியு9-க்கு இன்னொரு நொடி. இப்படியே 63 வரை, ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு நொடி. முதல் தடவை மாதிரி மௌனமும் இல்லை, குழப்பமும் இல்லை. கர்னல் ஒவ்வொரு கோரையும் கூப்பிட்டு, ஒரு நொடி காத்திருந்து, வராததால் அடுத்ததற்குப் போயிருக்கிறது. நான் வைத்திருந்தது 4.19 கர்னல், பின்னால் வந்த கர்னல்களில் இந்தக் காத்திருப்பை 5 நொடியாக்கிவிட்டார்கள்.

காரணம் டிவைஸ் ட்ரீ. மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் அந்த ஃபைலை நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி உருவாக்கியிருந்தேன். கோர்களுக்கு 0 முதல் 63 வரை வரிசையாக எண் கொடுத்திருந்தேன். ஆனால் மெஷினை எட்டு எட்டாகப் பிரித்து எட்டு கிளஸ்டராக அமைத்திருந்ததால், கோரின் சொந்த அடையாள எண்ணில் கிளஸ்டர் எண்ணும் சேர்ந்திருந்தது. முதல் கிளஸ்டருக்கு கிளஸ்டர் எண் பூஜ்யம், அதனால் முதல் எட்டு மட்டும் பொருந்திப்போனது. மற்றவை கர்னலின் காத்திருப்புக் கொட்டடிக்கு வந்து சேர்ந்தன. 'எட்டு வா' என்று கர்னல் கூப்பிட்டபோது யாருடைய அடையாள எண்ணும் எட்டாக இல்லை. 56 கோரும் கூப்பிடுவது தன்னைத்தான் என்று தெரியாமல் கொட்டடியிலேயே நின்றன. டிவைஸ் ட்ரீயை ஜெம்5-ஐயே உருவாக்கச் சொன்னதும் சரியானது. கையால் எழுதியே ஆக வேண்டும் என்றால், அடையாள எண்ணைச் சிமுலேட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஊகிக்க வேண்டாம்.

அன்று ராத்திரி பதினோரு மணி சுமாருக்கு, 'பிராட் அப் 1 நோட், 64 சிபியூஸ்' என்ற வரி வந்தது. லேபில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்த வரியைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் உடனே கூப்பிட்டார்.

ஆனால் 64 கோர் எழுந்தது பூட் முடிந்ததாகாது. கர்னல் எழுந்து, டிஸ்க்கை மவுண்ட் செய்து, மற்ற சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி தன் வேலைகளைத் தொடங்கியது. நடுவில் மறுபடி மௌனம். இந்தத் தடவை எதையும் மாற்றாமல், முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜெம்5-க்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் அந்தக் கணம் வரையிலான கணக்கை ஸ்டாட்ஸ் ஃபைலில் கொட்டிவிட்டு, ரன்னை நிறுத்தாமல் தொடரும். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை டிக் நகர்ந்தது, எத்தனை கட்டளை ஓடியது, எந்தக் கோர் எத்தனை ஓட்டியது என்று கழித்துப் பார்த்தேன். டிக் பாய்ந்து ஓடியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் கெஸ்ட்டின் நேரம் பல நொடி கடந்திருந்தது. ஆனால் 64 கோரும் சேர்ந்து ஓட்டிய கட்டளை சொற்பம், அதுவும் டைமர் இண்டரப்டுக்கு எழுந்து மறுபடி படுப்பது மட்டும்தான்.

சிமுலேட்டரின் சுபாவம் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. தூங்கும் கோருக்கு ஜெம்5 எந்த வேலையும் செய்வதில்லை. அடுத்த நிகழ்வு எப்போதோ அங்கே தாவிவிடும். அதனால் சும்மா இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இலவசம். சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்துக்குத்தான் முழு விலை. ஆக, டிக் வேகமாக ஓடியும் டெர்மினல் பேசவில்லை என்றால், எல்லாரும் தூங்குகிறார்கள், வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். டிக் ஆமையாக நகர்ந்து, சில கோரின் கட்டளை எண்ணிக்கை மட்டும் எகிறினால், யாரோ ஒரே இடத்தில் சுற்றுகிறார்கள். டிக் நிதானமாக நகர்ந்து, கோர்கள் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் வெவ்வேறு ஃபங்ஷனில் இருந்தால், வேலை நடக்கிறது, வீட்டுக்குப் போகலாம். அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இன்றுவரை இதைத் தாண்டி எனக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள்? ரேண்டம் எண்ணுக்காக. கர்னல் தன் ரேண்டம் கிணற்றை நிரப்ப, கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் இண்டரப்டுகளின் ஒழுங்கற்ற நேரங்களை எடுத்துக்கொள்ளும். சிமுலேட்டரில் கீபோர்டு தட்ட ஆளில்லை, நெட்வொர்க் இல்லை. கிணறு நிரம்பவே இல்லை. அதிலிருந்து எடுக்க வந்த ஒரு சர்வீஸ் தூங்கிவிட்டது, அதன் பின்னால் மற்றவை வரிசையில் நின்றன. சிஸ்டம்டி ஒரு சர்வீஸுக்கு வழக்கமாக 90 நொடி பொறுக்கும். நல்லவேளையாக அட்டாமிக் சிபியுவில், எல்லாரும் தூங்கும்போது, 90 நொடி கடப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் எனக்கு அந்தச் சர்வீஸ்களே வேண்டாமே! லாகின் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், பதிவு எழுதுகிறவர் வேண்டாம். சிஸ்டம்டியைத் தூக்கிவிட்டு, முதல் புராசஸாக ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை வைத்தேன். அது சில மவுண்டுகளைச் செய்யும், என் புரோகிராமுக்கு வழி விடும். பூட் நேரம் பாதிக்கும் கீழே வந்தது.

அப்புறம் செக்பாயின்ட். நான் கொஞ்சம் தாமதமாகக் கற்ற விஷயம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பூட் நமக்குத் தேவையானது இல்லை, ஒரு தடவை மட்டும் செலுத்த வேண்டிய வழிச்செலவு. அட்டாமிக் சிபியுவில், கேஷ்கூட இல்லாமல், வேகமாக ஷெல் வரை வந்துவிட்டு, அங்கே எம்5 செக்பாயின்ட் கட்டளையைக் கொடுத்தால், மெஷினின் முழு நிலையும் ஒரு ஃபோல்டரில் இறங்கும். ஃபோல்டரின் பெயரே அந்த டிக் எண்தான். உள்ளே மெமரி மொத்தமும் அமுக்கப்பட்ட ஒரு ஃபைலாக இருக்கும். பிறகு அதே இடத்திலிருந்து ஓ3 சிபியு, ரூபி என்று நுணுக்கமான மெஷினில் எழுப்பலாம். கோர் எண்ணிக்கையும் மெமரி அளவும் மட்டும் மாறக் கூடாது.

செக்பாயின்ட் எடுக்கும் இடம் முக்கியம். என் முதல் செக்பாயின்ட்டை, ஹோஸ்ட்டிலிருந்து ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்ட பிறகு எடுத்துவிட்டேன். அதனால் எத்தனை தடவை எழுப்பினாலும் அந்தப் பழைய ஸ்கிரிப்டையே ஓட்டியது. புரோகிராமை மாற்ற மறுபடி ஒரு இரவு பூட். சரியான வரிசை இது: முதலில் செக்பாயின்ட், அடுத்த வரியில் ஹோஸ்ட்டிலிருந்து ஸ்கிரிப்டைப் படிக்கும் எம்5 ரீட்ஃபைல், அதற்கடுத்த வரியில் படித்ததை ஓட்டுவது. எழுப்பும்போது கெஸ்ட் செக்பாயின்ட்டுக்கு அடுத்த வரியில் கண் விழிக்கும். அப்போது ஹோஸ்ட்டில் என்ன ஸ்கிரிப்ட் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரு பூட், நூறு பரிசோதனை. ஜெம்5-ஓடு வரும் ஹேக் பேக் செக்பாயின்ட் ஸ்கிரிப்டில் இதே உத்திதான் இருக்கிறது. நான் அதை முதலிலேயே திறந்து படித்திருக்க வேண்டும்.

இந்தச் செக்பாயின்ட்டில் கேஷின் உள்ளடக்கம் வராது. எழுந்தவுடன் 64 கேஷும் காலி. முதல் சில லட்சம் சுற்றுகளில் வரும் எண்களை எடுத்து வரைபடம் போட்டால், அது லாக்கைப் பற்றிய வரைபடமாக இருக்காது, காலிக் கேஷ் நிரம்புவதைப் பற்றியதாக இருக்கும். புரோகிராமை ஒரு சுற்று ஓடவிட்டு, எம்5 ரீசெட்ஸ்டாட்ஸ் கொடுத்துக் கணக்கைப் பூஜ்யமாக்கி, அதன் பிறகு அளக்க வேண்டும்.

செக்பாயின்ட்டின் அருமை ஒரு சனிக்கிழமை முழுதாகத் தெரிந்தது. பராமரிப்பு என்று கட்டிடத்துக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஐந்து நாள் ஓடிய ரன் போனது. ஆனால் பூட் போகவில்லை. திங்கள் காலை பத்து நிமிடத்தில் மறுபடி அதே 64 கோர் ஷெல்லில் நின்றேன். அதிலிருந்து நீண்ட ரன்களுக்கு நடுவிலும் செக்பாயின்ட் எடுக்கிறேன்.

நுணுக்கமான மெஷினில் முதல் ரன், மறுபடியும் மௌனம். யூஎஸ்ஆர்1 இரண்டு தடவை. டிக் ஆமை வேகம். ஆனால் கட்டளை எண்ணிக்கை 63 கோரில் ஒரே சீராக ஏறியிருந்தது, ஒன்றில் மட்டும் வேறு மாதிரி ஏறியிருந்தது. யாரோ சுற்றுகிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட எல்லாரும். எங்கே என்று பார்க்க, ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக் காட்டும் எக்ஸெக் ட்ரேஸைப் போட்டேன். இதை ஆரம்பத்திலிருந்து போட்டால் டிஸ்க் நிரம்பி வழியும். எந்த டிக்கில் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் மட்டும் போட வேண்டும். சிமுலேட்டரின் பெரிய கொடை இங்கே இருக்கிறது. ஒரே செக்பாயின்ட், ஒரே அமைப்பு என்றால், நேற்று நின்ற அதே டிக்கில்தான் இன்றும் நிற்கும். உண்மையான மெஷினில் இப்படிப்பட்ட பிழை ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். இங்கே அது நமக்காகக் காத்திருக்கும்.

ட்ரேஸில் 63 கோரும் ஒரே நான்கு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தன: எண்ணைப் படி, ஒப்பிடு, சமமில்லையா, திரும்பிப் போ. என் புரோகிராமின் பேரியர்தான் அது. எல்லா த்ரெட்டும் வந்துசேரும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் இடம். நான் 64 வேலை த்ரெட்டுகளை உருவாக்கியிருந்தேன். ஆனால் அவற்றைத் தொடங்கிவைத்த மெயின் த்ரெட் 65-ஆவது. அது ஒரு கோரில் உட்கார்ந்து முன்னேற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வேலை த்ரெட்டுக்குக் கோர் கிடைக்கவில்லை. த்ரெட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் கர்னலின் ஷெட்யூலர் வந்து இடம் மாற்றிக் கொடுக்கும் வரை மற்ற 63-ம் சும்மா சுற்றின.

உண்மையான மெஷினில் இது யாருக்கும் தெரியாது. 250 ஹெர்ட்ஸ் டைமரில் ஷெட்யூலர் 4 மில்லி நொடிக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும். 4 மில்லி நொடி யாருக்கு வலிக்கும்? இங்கே 4 மில்லி நொடி என்பது கோருக்கு 80 லட்சம் சுற்று, 64 கோருக்கு 51 கோடிக்கு மேல், எங்கள் சர்வரில் கிட்டத்தட்ட 85 நிமிடம். ஒவ்வொரு பேரியருக்கும். நிற்கவும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. 85 நிமிடம் சுற்றிவிட்டு ஒரு அடி நகரும். மெயின் த்ரெட்டையும் வேலை த்ரெட்டாக்கி, 63-ஐ மட்டும் புதிதாக உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு கோரோடு கட்டிவிட்டேன். ஆறு நாள் என்று நினைத்த ரன் பதினான்கு மணி நேரத்தில் முடிந்தது.

ரூபிக்கு மட்டும் தனியாக ஒரு காவல் உண்டு. ஒரு கோர் கேட்ட மெமரி 5 லட்சம் சுற்றுக்குள் வரவில்லை என்றால், 'பாசிபிள் டெட்லாக்' என்று சொல்லிச் சிமுலேஷனையே நிறுத்திவிடும். கேஷ் விதியை நான் மாற்றியபோது இது என்னைப் பலமுறை காப்பாற்றியது. லினக்ஸின் நாய் நொடியில் எண்ணுகிறது, ரூபியின் நாய் சுற்றில் எண்ணுகிறது. சிமுலேட்டர் உலகத்தில் சுற்றில் எண்ணுகிறவர்தான் உதவுவார். அந்த எல்லை தொல்லையாக இருக்கிறது என்று கூட்டிவைக்காதீர்கள். அது கத்தினால் பெரும்பாலும் உங்கள் விதியில்தான் ஓட்டை.

எண்கள் வரத் தொடங்கியபின் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. அதே செக்பாயின்ட்டிலிருந்து பத்து தடவை ஓட்டினால் பத்து தடவையும் கடைசி டிக் வரை ஒரே விடை. பிழை தேடும்போது கொடையாக இருந்த இதே குணம், அளக்கும்போது ஏமாற்றும். பல த்ரெட் புரோகிராமில் யார் முதலில் லாக்கைப் பிடித்தார் என்பது நூலிழை வித்தியாசத்தில் மாறும். மாறினால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மாறும். விஸ்கான்சினில் அலமெல்தீனும் வுட்டும் 2003-இலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். மெமரி தாமதத்தில் மிகச் சிறிய ரேண்டம் மாற்றத்தைச் சேர்த்துப் பல தடவை ஓட்டி, விடைகளின் பரவலையும் பார்க்கச் சொன்னார்கள். அப்படி ஓட்டியபோது, நான் சாரிடம் மிகுந்த நம்பிக்கையோடு காட்டிய ஒரு முன்னேற்றம், பரவலுக்குள்ளேயே கரைந்துபோனது. இன்னொன்று உறுதியாக நின்றது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜெம்5 ஒரே த்ரெட்டில் ஓடுவது பற்றி முதலில் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பல தடவை ஓட்டும் வேலைக்கு அது பொருந்திப்போகிறது. எங்கள் சர்வரில் 16 கோர். மெமரி தாங்கும் வரை ஒரே செக்பாயின்ட்டிலிருந்து பத்து ரன்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி அவுட்புட் ஃபோல்டர், அதில் எந்த ஜெம்5 கமிட், எந்தக் கர்னல், எந்த இமேஜ் என்று ஒரு சின்னக் குறிப்பு. இரவு விடுதிக்குக் கிளம்பும் முன் பத்துக்கும் யூஎஸ்ஆர்1 அனுப்பி, கழித்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். நேற்று ஒன்பது நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தன. ஆறாவதில் மட்டும் டிக் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், அந்த ரன்னின் ஸ்கிரிப்ட் ஃபைலுக்குப் பாதை தப்பாகக் கொடுத்திருந்தேன், ஓட்ட ஒன்றும் இல்லாமல் 64 கோரும் தூங்கிக்கொண்டிருந்தன. திருத்திவிட்டு மறுபடி எழுப்ப எட்டு நிமிடம் ஆனது.